'சிகப்பு ரோஜாக்கள்': பழி யார் மேல்?

பழிவாங்கும் கதை என்றால் பகை யாரோடு என்பது தெரிய வேண்டும். நம் சித்தூரில் வருஷா வருஷம் கொங்ஙன் படை திருவிழா பார்க்கிறோமே, பகவதி விரட்டியது எந்தப் படையை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். கண்ணகியின் கோபம் மதுரையையே எரித்தது. ஆனால் சிலம்பை உடைத்து வழக்கை மெய்ப்பித்த பிறகுதான். அதிலும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித்தான்.

1978-இல் பாரதிராஜா எடுத்த 'சிகப்பு ரோஜாக்கள்' தடுமாறுவது இந்த இடத்தில்தான். கமலஹாசன் நடித்த திலீப் பெண்களை வரிசையாகக் கொல்கிறான். காரணம் பின்கதையில் வருகிறது. சிறுவயதில் ஒரு பெண் அவனை வலிய இழுத்து, அகப்பட்டதும் அவன்மேலேயே பழியைப் போட்டாள். பிறகு அவனை எடுத்து வளர்த்தவரோ, துரோகம் செய்த மனைவியைக் கொன்றவர். சரி, அவன் ஏன் இப்படி ஆனான்னு புரிகிறது. செத்தவர்கள் அவனுக்கு என்ன செய்தார்கள்? கூப்பிட்டான், வந்தார்கள், அவ்வளவுதானே! படம் இங்கே நழுவி, அந்தப் பெண்களின் நடத்தையையே குற்றமாகக் காட்டிவிடுகிறது. ஸ்ரீதேவியின் சாரதா அடக்கமானவள், அதனால் தப்பினாள் போலும். இளையராஜாவின் இசை நம்மைப் பயத்திலேயே பிடித்து வைப்பதால் தியேட்டரில் இது தெரியாது. வீட்டுக்கு வந்து யோசித்தால் உறுத்தும்.

பாலு மகேந்திராவின் 'மூடுபனி'யிலும் (1980) இதே சிக்கல்தான். அப்பா அம்மாவுக்குச் செய்த கொடுமைக்கு விலைமாதர்கள் சாகிறார்கள். ஆனால் பிரதாப் போத்தன் அதை நோயாகவே நடித்தார், நியாயமாக்கிக் காட்டவில்லை. எனக்கு அதுவே மேலான படமாகப் படுகிறது.