அம்பாசிடருக்கு எந்த ஜாக்கி?

ஜாக்கி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை டன்?" என்றுதான். பழைய காருக்கு அது இரண்டாவது கேள்வி. முழுக்க இறங்கிய நிலையில் அந்த ஜாக்கியின் உயரம் எவ்வளவு என்பதே முதல் கேள்வி. அதைக் கேட்காமல் வாங்கியவருக்கு, பஞ்சரான அன்றுதான் ஜாக்கி வண்டிக்கு அடியில் நுழையாது என்பது தெரியவரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் இணைப்பது திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை. குற்றாலச் சீசனுக்கும், கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்கும் இந்தச் சாலையில் ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டி ஒரு காலத்தில் அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ மூலமாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரானது. இன்று எஞ்சியிருப்பவற்றை வைத்திருப்பவர்கள் பிழைப்புக்காக அல்ல, பாசத்துக்காக வைத்திருக்கிறார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத கார்களுக்கு 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவு உண்டு. 1962-ல் வந்த மார்க் 2 மாடலின் பெரும்பகுதி இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்து அடித்தகட்டை நசுக்கினால், அதை நேராக்கித் தரும் கை இன்று எளிதில் அமையாது.

தென்காசி சாலைப் பட்டறை ஒன்றில், மார்க் 2 அம்பாசிடர் ஒன்றின் அடியில் சந்தையில் கிடைக்கும் வகைகள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கப்பட்டன. டேப்பும் சாக்பீஸும் கையில் இருந்ததால், யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

முதலில் பாட்டில் ஜாக்கி. அம்பாசிடரின் 5.90-15 டயர் காற்றோடு இருக்கும்போது விட்டம் ஏறத்தாழ 67 செ.மீ.; அச்சின் நடுப்பகுதி தரையிலிருந்து 33 செ.மீ. அளவில் நிற்கும். காற்று முழுக்க இறங்கிவிட்டால் அது 8 முதல் 10 செ.மீ. வரை தாழும். அச்சுக் குழாயின் பருமனையும் கழித்தால், ஜாக்கிக்குக் கிடைக்கும் இடைவெளி சுமார் 19 செ.மீ. தான். சாதாரண இரண்டு டன் பாட்டில் ஜாக்கி இறங்கிய நிலையில் 15 செ.மீ.; அடியில் 3 செ.மீ. பலகை போட்டாலும் நுழைகிறது. ஐந்து டன் ஜாக்கி பலகை இல்லாமலேயே 20 செ.மீ. பக்கம் வந்துவிடும். அது நுழையாது. வண்டியின் மொத்த எடையே 1,100 கிலோவைச் சற்றுத் தாண்டும்; ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கி மேல் வருவது அதில் ஒரு பங்கு. இரண்டு டன்னே தாராளம். இந்த அளவுகள் வண்டிக்கு வண்டி, டயருக்கு டயர் கொஞ்சம் மாறும். கடைக்குப் போகும் முன் காற்றை இறக்கிவிட்டு ஒரு முறை அளந்துகொள்வது நல்லது.

பாட்டில் ஜாக்கியில் இன்னொரு வசதி: அதை நேராக அச்சுக்கு அடியில், ஸ்பிரிங் பட்டையை ஒட்டி வைக்கலாம். பாடியைத் தூக்கினால் முதல் பல சென்டிமீட்டர் ஸ்பிரிங் தொங்குவதற்கே செலவாகும். சக்கரம் தரையை விட்டு எழவே எழாது. அச்சைத் தூக்கினால் ஏற்றுகிற ஒவ்வொரு சென்டிமீட்டரும் சக்கரத்துக்குப் போகும். இந்த ஜாக்கியின் குறை அதன் சின்னத் தலை. குழாய் மேல் அது உட்காரும் இடம் கொஞ்சம்தான். செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். முன்பக்கம் இன்னும் கவனம் தேவை: அம்பாசிடரின் முன் சஸ்பென்ஷனைத் தாங்குவது நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார். அந்தக் கம்பியிலும் எஞ்சின் ஆயில் சம்ப்பிலும் ஜாக்கி படவே கூடாது.

டிராலி ஜாக்கி பட்டறைக்காரர்களின் செல்லப்பிள்ளை. அகலமான தலைத்தட்டு, நீளக் கைப்பிடி, குனியாமல் அடிக்கலாம். சிமென்ட் தரையில் இதற்கு இணை இல்லை. ஆனால் இதன் கை மேலே எழும்போது நேராக எழுவதில்லை. வில்லாக வளைந்து எழுகிறது. அதனால் ஜாக்கியின் இரும்புச் சக்கரங்கள் உருண்டு இடம் மாறினால்தான் தலைத்தட்டு ஒரே இடத்தில் நிற்கும். மண்ணில் அந்தச் சின்னச் சக்கரங்கள் புதைந்துவிடும், உருளாது. அப்போது தலைத்தட்டு வண்டியை இழுக்கும், இல்லாவிட்டால் நழுவும். வீட்டில் சிமென்ட் போட்ட ஷெட் இருப்பவர்கள் இதை வாங்கலாம். டிக்கியில் சுமந்து திரிவதற்கு இது பொருத்தமில்லை.

புதுக் கார்களோடு வரும் கத்தரி ஜாக்கியைப் பலர் அம்பாசிடரிலும் போட்டுவைக்கிறார்கள். திருகு மரையில் நிற்பதால் ஆயில் கசிந்து இறங்காது என்பது உண்மையான நன்மை. ஆனால் அதன் தலையில் இருக்கும் பள்ளம், புதுக் கார்களின் கீழ்விளிம்பு மடிப்புக்காகச் செய்தது. அறுபது வருட மழை பார்த்த கீழ்விளிம்பில் அதை வைத்தால், பெயின்டுக்குப் பின்னால் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது தூக்கும்போதுதான் வெளியே வரும். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. பழைய அம்பாசிடருக்குக் கத்தரி ஜாக்கி வேண்டாம்.

எந்த ஜாக்கியானாலும் வண்டி உருண்டால் எல்லாம் முடிந்தது. அம்பாசிடரின் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அதில் ஒன்றைத் தூக்கியதும் பிடிப்போடு தரையில் மிஞ்சுவது ஒரே சக்கரம். கியரில் போட்டிருப்பதும் காப்பாற்றாது: டிஃபரன்ஷியல் வழியாக அந்தரத்தில் இருக்கும் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றிக்கொடுக்க, தரையில் இருப்பது தாராளமாக உருளும். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரை நிறுத்துவது வடம் பிடிப்பவர்கள் அல்ல, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். காருக்கும் அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும். பின்பக்கம் தூக்கினால் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். புளியரை மலைப்பாதையில் பஞ்சரானால், மெதுவாக உருட்டியாவது சமதளத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு டியூபும் டயரும் வீணானால் ஆகட்டும்.

மலையடிவாரத்தில் செம்மண், கிழக்கே போகப் போகக் கரிசல். மழைக்குப் பின் கரிசலில் இரண்டு டன் ஜாக்கியின் உள்ளங்கை அளவு அடிப்பகுதி இறங்கிக்கொண்டே போகும், வண்டி எழாது. சித்திரை வெயிலில் இளகிய தார்ச்சாலையிலும் இதே கதைதான். ஒரு அடிக்கு ஒரு அடி, 3 செ.மீ. கனத்தில் கருவேலம் அல்லது வேங்கைப் பலகை ஒன்று டிக்கியில் நிரந்தரமாக இருக்கட்டும். செங்கலும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். அவை முன்னறிவிப்பு கொடுக்காமல் நொறுங்கும்.

இனி முக்கியமான விஷயம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கி நிற்பதற்கு அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கியில் முழு எடையும் ஒரு ரப்பர் சீல், ஒரு சின்ன வால்வு இவற்றை நம்பி நிற்கிறது. பட்டறையில் ஏற்றிவிட்டு சாக்பீஸால் குறித்துப் பார்த்தபோது, வெளியே ஒரு சொட்டு ஆயில் தெரியாத பழைய ஜாக்கி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் கை, தலை எதுவும் போவதற்கு முன் அச்சுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டுகள் வைத்து, எடையை அவற்றின் மேல் இறக்கி, வண்டியைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். கழற்றிய சக்கரத்தை அடித்தகட்டுக்குக் கீழே படுக்கப் போடுவது கூடுதல் காப்பு.

ஸ்டாண்டிலும் பார்த்து வாங்க வேண்டும். 2020-ல் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம், பல்சக்கர முறையில் பூட்டிக்கொள்ளும் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைப் பெரும் எண்ணிக்கையில் திரும்பப் பெற்றது; பற்கள் சரியாகக் கவ்வாமல், சுமை ஏறியிருக்கும்போதே சரிந்துவிடும் அபாயம் இருந்தது. மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் குறை வெளிப்பட்டது. குழாயில் துளையிட்டு, விரல் கனத்துக் கம்பியைக் குறுக்கே செருகும் பழைய பாணி ஸ்டாண்டே நம்பகமானது. பூட்டியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியும்.

பிரீமியர் பத்மினிக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான். எடை 900 கிலோ பக்கம், டயர் சின்னது என்பதால் இடைவெளி இன்னும் குறையும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு ஜாதி. தனி சேஸிஸ் உள்ள கார் அது. பாடியின் ஓரத்தை விட்டுவிட்டு சேஸிஸ் சட்டத்தில்தான் ஜாக்கி வைக்க வேண்டும். அதன் பின்சக்கரங்கள் ஊசல் அச்சில் தொங்குவதால், தூக்கியதும் அடிப்பாகம் உள்நோக்கி மடங்கும். இறக்கிய பிறகும் அப்படியே நிற்கும். வண்டியைச் சற்று உருட்டினால் நிமிர்ந்துவிடும். எதுவோ உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

ஜாக்கிக்கும் பராமரிப்பு உண்டு. ஆயில் குறைந்தால் ஹைட்ராலிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கையருகே இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால், அது சீலை ஊறவைத்துக் கெடுத்துவிடும். ஆயில் மாற்றிய பின் வால்வைத் திறந்து, சுமையில்லாமல் பலமுறை அடித்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். வேலை முடிந்ததும் தண்டை முழுக்க இறக்கி, நூற்பாலை ஊரில் பஞ்சமில்லாமல் கிடைக்கும் கழிவுப் பஞ்சால் துடைத்து, நிமிர்த்தியே வைக்க வேண்டும். வெளியே நீட்டியபடி விட்ட தண்டில் ஐப்பசி மழைக்குத் துரு ஏறும். அடுத்த முறை இறங்கும்போது அந்தத் துரு சீலைக் கீறும்.