‘ஆண் ஹார்மோன்’ என்னும் பெயர் செய்யும் குழப்பம்

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பள்ளியில் படிக்கும் மாணவர் ஒருவரிடம் டெஸ்டோஸ்டெரோன் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ‘ஆண் ஹார்மோன்’ என்று உடனே பதில் வரும். தமிழ் அறிவியல் கட்டுரைகள் பலவும் அப்படித்தான் எழுதுகின்றன. சுருக்கமான பெயர்தான், ஆனால் வழி தவறச் செய்யும் பெயர்.

சூலகத்தில் நடப்பதைக் கவனியுங்கள். முட்டையைச் சுற்றியுள்ள நுண்பையின் வெளிப்புறத்தில் தீக்கா செல்கள் இருக்கின்றன. அவை முதலில் தயாரிப்பது ஆண்ட்ரோஜன்களை, அதாவது நாம் ‘ஆண்’ என்று பெயரிட்ட வகையைத்தான்! உட்புறமுள்ள கிரானுலோசா செல்கள் அரோமட்டேஸ் என்னும் நொதியைக் கொண்டு அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை கடைந்து தரும் உருப்படியை அடுத்த பட்டறை துளையிட்டு முடித்து அனுப்புவதில்லையா, அதுபோல.

மிக அரிதாக, ஹார்மோன் சுரக்கும் கட்டிகள் சூலகத்தில் தோன்றுவதுண்டு. கிரானுலோசா கட்டி பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். செர்டோலி-லேடிக் கட்டியோ பல சமயம் டெஸ்டோஸ்டெரோனைச் சுரக்கும். செர்டோலி, லேடிக் என்பவை விந்தகத்துச் செல்களின் பெயர்கள். அவை சூலகத்துக்குள் எப்படி வந்தன? கருவளர்ச்சியின்போது தங்கிப்போன, ஆண்தன்மை கொண்ட செல்களே மூலம் என்று 1931-இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ராபர்ட் மேயர் விளக்கினார். சூலகத்தில் ஒளிந்திருந்த ஓர் அந்நியன்! அக்காலத்துக்கு அது நியாயமான ஊகமே. அதை இன்றும் பிடித்துக்கொண்டிருப்பதுதான் சரியல்ல.

2009-இல், முதிர்ந்த பெண் சுண்டெலிகளின் சூலகத்தில் ஃபாக்ஸ்எல்2 என்ற ஒரே ஜீனைச் செயலிழக்கச் செய்தார்கள். கிரானுலோசா செல்களே செர்டோலி போன்ற செல்களாக மாறின. டெஸ்டோஸ்டெரோன் ஆண் எலியின் அளவுக்கு உயர்ந்தது. அதே ஆண்டு, வயது வந்தோருக்கு வரும் கிரானுலோசா கட்டிகளைச் சோதித்ததில், 89-இல் 86 கட்டிகளில் இதே ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்நியனுக்கு அவசியமே இல்லை. சூலகத்தின் சொந்தச் செல்லுக்கே இந்த வேலையெல்லாம் தெரியும்.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இளம்பெண் ஒருத்திக்குச் சில மாதங்களில் மாதவிடாய் நின்று, முகத்தில் ரோமம் அடர்ந்து, குரலும் தடித்தால், ‘ஆணாக மாறுகிறாள்’ என்று அக்கம்பக்கம் பேசுகிறது. வீட்டார் மருத்துவரிடம் காட்டாமல் மறைக்கிறார்கள். (மெல்ல மெல்ல ரோமம் வளர்வதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் உண்டு, இங்கே வேகமே அடையாளம்.) இந்தக் கட்டி அநேகமாக ஒரு பக்கச் சூலகத்தில்தான் இருக்கும். அகற்றினால் மாதவிடாய் பொதுவாகத் திரும்பிவிடும். தடித்த குரல் மட்டும் பெரும்பாலும் பழைய நிலைக்கு முழுதாக வருவதில்லை.