பாட்டும் பூட்டும்

பாட்டுக்குப் பூட்டு உண்டோ? உண்டு. பாரதியார் 1921இல் மறைந்த பின், அவர் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் சேர்க்கும் உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது; பிறர் சேர்த்தபோது வழக்கு எழுந்தது. 1949இல் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையை ஏற்றது. செட்டியாரும் பணம் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். அதனால் பாரதி குறைந்தாரா? தோட்டத்துப் பிள்ளையின் நாவிலும் ஏறினார்!

இன்று பூட்டு எழுத்துக்கே விழுந்துள்ளது. எமக்கு முன்பிருந்த கிராணியார் தோட்டத்துச் சங்க மலரை ஒரு கம்பெனியின் எழுத்துருவில் அடித்து வைத்தார். அக்கம்பெனி எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் வரிசை வகுத்திருந்தது. எழுத்துரு மறைந்தது. இன்று மலரைக் கணினியில் திறந்தால் கிறுக்கலே தெரிகிறது. தோட்டத்தார் வரலாறு ஊமையாயிற்று.

“உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா?” என்பாருளர். வேண்டும். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய இயக்கமும் விலையை மறுக்கவில்லை. மென்பொருளின் உள்ளே பார்க்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் தடை கூடாதென்றே கூறிற்று. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குழப்புகிறது. தமிழரோ ‘கட்டற்ற மென்பொருள்’ எனத் தெளிவாகப் பெயரிட்டனர்.

பெயரிட்டது போதுமா? நம் சங்கங்களும் பத்திரிகைகளும் யூனிகோடு முறையில் அமைந்த கட்டற்ற எழுத்துருக்களையே கைக்கொள்ளுதல் வேண்டும். எழுத்தே இரவலாயின், பத்திரிகைச் சுதந்திரம் எங்ஙனம் சொந்தமாகும்?

— தோட்டக் கிராணி ஒருவர், தம்போய்