வளனின் ஐயம்

தேம்பாவணியைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் இரண்டு காரியங்கள் செய்வார்கள். ஓர் இத்தாலியப் பாதிரியார் இவ்வளவு தமிழ் எழுதினாரே என்று வியப்பார்கள். அல்லது சிந்தாமணியும் கம்பனும் எங்கெங்கே தலைகாட்டுகிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். இரண்டும் விமர்சனமாகாது. 1726-ல் இயற்றப்பட்ட, 36 படலங்கள் கொண்ட இக்காவியத்தின் தலைவன் ஒரு கட்டத்தில் சந்தேகப்பட்டவன் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

சுவிசேஷங்களில் சூசை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. மத்தேயு சொல்வது இவ்வளவுதான்: மணம் ஒப்பந்தமானவள் கர்ப்பமுற்றிருக்கிறாள், அவளை அவமானப்படுத்த மனமின்றி மறைவாக விலகிவிட நினைக்கிறான், கனவில் தேவதூதன் வருகிறான். சில வரிகளில் தீர்ந்துபோகிற இந்த விஷயத்துக்கு வீரமாமுனிவர் இரண்டு படலங்கள் ஒதுக்குகிறார்: ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம். சூசையை வளனாக்கியவர், அவனுடைய சந்தேகத்தை மூடி மறைக்க வேண்டிய களங்கமாக நினைக்கவில்லை.

கம்பனில் இராமனின் ஐயத்துக்குச் சீதை தீயில் இறங்க வேண்டியிருந்தது. வளன் யாரையும் தீயில் இறக்கவில்லை. கண் கண்டதை அவனால் மறுக்க முடியவில்லை. மரியாள்மீதுள்ள மதிப்பையும் விட முடியவில்லை. ருசு கேட்காமல் இரண்டையும் சுமக்கிறான். ஐயத்தின் வேதனையைப் பிறர்மேல் இறக்கிவைக்காத இந்த ஆண்மை நம் காவிய மரபுக்குப் புதிது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை விருத்தாசலத்திலிருந்து எழுதுகிறேன். வீரமாமுனிவர் பெயரோடு இணைந்த கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் இங்கிருந்து தூரமில்லை. ஊர்ப் பெரிய கோயிலில் அம்மன் பெயரும் பெரியநாயகிதான். பீங்கான் ஊர் என்பதால் இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று: பச்சைப் பாண்டம் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், சூளையில் வெந்தது மறுபடி களிமண்ணாகாது. சோதனையில் வெந்த விசுவாசம் என்று பிரசங்கங்களில் கேட்கும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. வெந்து முடிந்ததாக யார் சொல்வது? சூளையைப் பிரித்துப் பார்த்தவர் யார்?

தேம்பாவணியோடு என் பிணக்கும் இங்கேதான். ஐயந்தோற்று படலத்தை அடுத்து உடனே ஐயநீங்கு படலம் வந்துவிடுகிறது. தேவதூதன் வராதவர்களுக்குக் காவியத்தில் இடமில்லை. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் வெளியானபோது, ஏறக்குறைய 50 ஆண்டுகள் கடவுளின் இருப்பை உணராமலே அவர் ஜெபித்து வந்தது தெரிந்தது. அது, இரண்டாம் படலம் எழுதப்படாத காவியம்.

நானும் ஞாயிறு பூசைக்குத் தவறாதவன். விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று சபையோடு சேர்ந்து சொல்கிறேன். பல நாட்களில் மனம் கூட வருவதில்லை. இது பாசாங்கு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தமிழில் நம்புதல் என்பது ஒரு கூற்றைச் சரியென்று ஒத்துக்கொள்வது மட்டுமல்ல; ஓர் ஆளை நம்பி இருப்பதும், கைவிடாமல் இருப்பதும்கூட. ஐயம் தோன்றிய பிறகும், கனவு வருவதற்கு முன்பும், வளன் அந்த வீட்டில்தான் இருந்தான். அந்த நாட்களில் அவன் அவிசுவாசியா?

வீரமாமுனிவர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் கேட்பதற்கான இடத்தை, இரண்டு படலங்களுக்கும் நடுவே, விட்டுப் போயிருக்கிறார். பக்தி இலக்கியம் என்று ஒதுக்கியவர்களும், பக்தி இலக்கியம் என்றே கொண்டாடியவர்களும் அங்கே சற்று நின்று படிக்க வேண்டும்.