பஷ்மினா: சால்வைக்குள்ளே ஒரு இந்தியா, வெளியே ஒரு அம்மா

நிதி சனானி எழுதி வரைந்த 'பஷ்மினா' 2017-ல் அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் செகண்ட் பதிப்பகம் வெளியிட்ட கிராஃபிக் நாவல். ஆங்கிலப் புத்தகம். கடையில் சிறுவர் பகுதியில்தான் இருக்கும். பேசும் யானை, பேசும் மயில் எல்லாம் உண்டு. ஆனா ஊரை விட்டு வந்து வெளியே குடும்பம் நடத்தும் பெரியவர்கள் ஒரு தடவையாவது படிக்கணும் என்பது என் கட்சி. அதே புத்தகத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இருக்கு. இரண்டையும் சொல்லிடறேன்.

கதை இதுதான். பிரியங்கா அமெரிக்காவில் வளரும் பெண். வீட்டில் அம்மாவும் இவளும் மட்டும். அப்பா யார், அம்மா ஏன் இந்தியாவை விட்டு வந்தாள், இதையெல்லாம் கேட்டால் பதில் கிடையாது. அந்தப் பேச்சே அந்த வீட்டில் மூடிய கதவு. ஒருநாள் பழைய பெட்டியில் ஒரு பஷ்மினா சால்வை கிடைக்கிறது. போர்த்தியதும் வேறொரு இடத்தில் நிற்கிறாள். யானையும் மயிலும் அவளை அழைத்துப் போய் ஊர் சுற்றிக் காட்டுகின்றன. பின்னாலேயே ஒரு நிழல் வந்துகொண்டிருக்கிறது. அது என்ன என்ற கேள்வியோடு அவள் நிஜ இந்தியாவுக்கே, அம்மாவின் சகோதரி வீட்டுக்கு, விமானம் ஏறுகிறாள். முடிவைச் சொல்ல மாட்டேன்.

சனானி கல்கத்தாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய முக்கியமான முடிவு நிறத்தில் இருக்கு. அன்றாட வாழ்க்கையின் பக்கங்கள் மங்கலான சாயலில் போகும். சால்வை தோளில் விழுந்ததும் பக்கம் முழுக்க நிறம். உத்தி புதுசு கிடையாது. 1939-ல் வந்த 'விஸர்ட் ஆஃப் ஆஸ்' படத்திலேயே கான்சாஸ் பழுப்பாகவும் ஆஸ் நாடு வண்ணமாகவும் இருக்கும். ஆனா சனானி இதை வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறார். அந்த நிறமே ஒரு சந்தேகம். மயில், யானை, அரண்மனை, பளபளக்கும் துணி... சுற்றுலா போஸ்டரில் பார்க்கிற இந்தியா இது. ஊரைப் பார்க்காத பெண்ணுக்கு அப்படித்தானே தெரியும்? நிழல் எட்டிப் பார்க்கும்போதுதான் இந்த அழகில் எதையோ விட்டிருக்கிறார்கள் என்று நமக்கு உறைக்குது. வசனமே இல்லாமல் வெறும் நிறத்தை வைத்து ஒரு வாதத்தை நடத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை.

இன்னொரு நல்ல விஷயம்: இந்த மாயத்துக்கு ஒரு உழைப்பாளி உண்டு. நிஜ பஷ்மினா லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து ஆடுகளின் அடிமயிர். காஷ்மீரத்துப் பெண்கள் கையால் நூற்கிற இழை. தலைமுடியை விடப் பல மடங்கு மெலிசு. மந்திரப் பொருள் வருகிற கதைகளில் அதைச் செய்தவர் யார் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மோதிரம் இருக்கும், தட்டான் இருக்க மாட்டான். இந்தப் புத்தகத்தில் சால்வையை நெய்தது யார், எதுக்காக என்பதுதான் கதையின் முடிச்சு.

நம்ம காமிக்ஸ் மரபில் இது எங்கே நிற்கும்? 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா மந்திரவாதிகளையும் வேதாளத்தையும் வீட்டுக்குள்ளே கொண்டு வந்தது. முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடுதான் கணக்கைத் தொடங்கியது. மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும். அதை வைத்து அவர் என்ன செய்தார் என்பது கதை. நான் உட்பட ஒரு தலைமுறையே அதில் சொக்கிப் போனது. ஆனா அங்கே சக்தி கிடைப்பது பெரும்பாலும் வளர்ந்த ஆணுக்கு, எதிரியை அடிக்க. ஒரு பெண் பிள்ளைக்குச் சக்தி கிடைத்து, அதை அவள் தன் அம்மாவைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துகிற கதையை நான் அந்தச் சாணித்தாள் பக்கங்களில் படித்ததில்லை. அந்த இடைவெளிக்காகவே பஷ்மினா தமிழில் வரணும்.

சரி, இப்போ சண்டைக்கு வருவோம்.

இந்தியாவுக்கு வந்ததும் கதை ஓட ஆரம்பிக்குது. பொய் இந்தியாவுக்குக் கொடுத்த பக்கங்களின் பொறுமை நிஜ இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், சக்தி தேவி. இங்கே சக்தி என்பவள் பெண்களுக்கு அவரவர் முன்னால் இருக்கும் வழிகளைக் காட்டுகிறவள். நல்ல எண்ணம்தான். ஆனா படிக்கப் படிக்க அவள் ஒரு அன்பான ஆலோசகர் மாதிரி ஆகிவிடுகிறாள். பயமே இல்லை.

எனக்கு இது உறுத்த ஒரு காரணம் உண்டு. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிற திருவக்கரையின் வக்ரகாளியைத் தெரிந்தவர்களுக்கு இது உறுத்தும். சந்திரமௌலீஸ்வரர் கோயிலுக்குள் இருக்கிற அவளைப் பார்க்கத்தான் பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதும். தலபுராணப்படி, வக்ராசுரனைத் திருமால் அழித்தார். அவன் தங்கை துன்முகியைக் காளி அழித்தாள். துன்முகி அப்போது கர்ப்பிணி. வயிற்றுச் சிசுவை எடுத்துக் காதில் குண்டலமாக மாட்டிக்கொண்ட பிறகே காளி அவளைக் கொன்றாள் என்கிறது கதை. சிலையின் காதைப் பார்த்தால் தெரியும். இதைக் கருணை என்பதா, குரூரம் என்பதா? சிசுவைக் காப்பாற்றினாள் என்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் சேர்ந்தே தெரியுது. நம்ம ஊர்த் தெய்வங்கள் வழி காட்டுவதோடு நிற்பதில்லை, விலையும் கேட்கும். பஷ்மினாவின் சக்தி விலை கேட்பதில்லை. பிரியங்காவின் அம்மா கொடுத்த விலை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தேவிக்கும் அந்த விலைக்கும் உள்ள கணக்கைப் புத்தகம் தீர்க்கவில்லை.

அதே ஊரில் இன்னொன்றும் இருக்கு. தேசியக் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-லேயே பிரெஞ்சுக்காரர் சொன்னரா இதைப் பதிவு செய்தார். தூரத்தில் பார்த்தால் வெட்டிப் போட்ட மரம். பட்டையும் வளையமும் அப்படியே. கையை வைத்தால் கல். கிளையும் வேரும் இல்லாமல் கிடப்பதால் எங்கிருந்தோ வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்கிறது புவியியல். அசுரனின் எலும்பு என்கிறது ஊர்ப் பேச்சு. ஒரு குழந்தை தொட்டுப் பார்த்து "இது மரமா கல்லா?" என்று கேட்கிற அந்த நொடி போதும், ஒரு கிராஃபிக் நாவலுக்கு. சால்வை தேடி லடாக் வரை போக வேண்டாம்.

ஆனா அந்த நாவலை நாம எழுதினால் எப்படி எழுதுவோம் என்பதில்தான் எனக்குக் கவலை. சென்னையிலோ பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கிற நம்மில் பலர் பிள்ளைகளுக்கு ஊரை இரண்டே விதமாகத்தான் கொடுத்திருக்கோம். ஒன்று, நிறம்: பொங்கல் பானை, தேர், பாட்டி சமையல். இல்லாவிட்டால், மௌனம்: யாருடைய படிப்பு நின்றது, கல் குவாரியில் யார் வேலை செய்தார்கள், எந்தத் தெருவுக்குள் யார் போகக்கூடாது என்று இருந்தது, நாம ஏன் கிளம்பி வந்தோம். நிறத்தை ஃபோனில் காட்டுகிறோம். மௌனத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். பிள்ளைகள் ஒருநாள் பெட்டியைத் திறப்பார்கள்.

பிரியங்காவின் அம்மா கெட்டவள் இல்லை. பேசினால் வலிக்கும் என்பதால் பேசாதவள். சனானி அவள்மேல் தீர்ப்பு எழுதாமல், அவள் மௌனம் மகளுக்கு என்ன செய்தது என்பதை மட்டும் காட்டுகிறார். தேவி விஷயத்தில் தவறவிட்ட கனத்தை அவர் அம்மா விஷயத்தில் பிடித்துவிட்டார். அதுக்காகவே புத்தகத்தை வாங்கலாம். பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து படியுங்க. நடுவில் ஒரு கேள்வி வரும். அதுக்குப் பதில் யானையிடமும் மயிலிடமும் இல்லை, உங்ககிட்டதான் இருக்கு.