குடிலன் ஏன் வென்றான்?

"அவன் ஏன் அப்படிச் செய்தான்?"

பாளையங்கோட்டைத் தேநீர்க்கடை ஒன்றின் பலகையில் அமர்ந்து இளைஞர் நால்வர் இந்தக் கேள்வியோடு மல்லாடிக்கொண்டிருந்தனர். ஊரில் நடந்த குற்றம் பற்றியதன்று வாதம். தொலைக்காட்சியில் கண்ட மர்மத் தொடர் பற்றியது. 2022ஆம் ஆண்டில் 'சுழல்' வந்தது, 'வதந்தி' வந்தது. அதன்பின் இத்தகைய வாதம் கேட்காத தேநீர்க்கடை இல்லை எனலாம். சிரித்துப் பேசி, சிண்டு முடிந்து, ஊரையே ஆட்டிப் படைத்த வஞ்சகனின் உள்நோக்கம் என்ன? இளமையில் பட்ட இழிவு என்றார் ஒருவர். பொன்னாசை என்றார் மற்றவர். பிறவியிலேயே நஞ்சு என்றார் மூன்றாமவர். நான்காமவர் மூவரையும் மறுத்தார். தேநீர் ஆறிற்று, வாதம் ஆறவில்லை.

நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். வஞ்சகன் ஏன் செய்தான் என்று நால்வரும் கேட்டனர். அவன் சொன்னதை மற்றவர்கள் ஏன் நம்பினர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை காண வெளியூர் செல்ல வேண்டியதில்லை. நெல்லையையே களமாகக் கொண்டு, 1891ஆம் ஆண்டிலேயே நம் மொழியில் ஒரு வஞ்சகன் படைக்கப்பட்டுவிட்டான். பேராசிரியர் சுந்தரனார் இயற்றிய 'மனோன்மணீய'த்தில் வரும் அமைச்சன் குடிலனே அவன்.

மனோன்மணீயம்! பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்கிறோம். அதன் வணக்கப் பாடலை 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது தமிழக அரசு. 2021இல் அது மாநிலப் பாடலும் ஆயிற்று. 1990இல் நெல்லையில் எழுந்த பல்கலைக்கழகம் அந்தப் பேராசிரியரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எல்லாம் பெருமையே! ஆனால் தோழர்களே, பாடலைப் பாடி முடித்ததும் அமர்ந்துவிடுகிறோமே, அதற்குப் பின்னே ஐந்து அங்கங்களில் ஒரு நாடகம் இருக்கிறதே, அதைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? வாயிலைக் கண்டு வியந்தோம், வீட்டுக்குள் நுழையவில்லை.

லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாடல் ஒன்றைத் தழுவியது இந்நாடகம். பாண்டியன் சீவகன் நல்லவன். ஆனால் எளிதில் நம்புபவன். அவனுடைய அமைச்சன் குடிலன், தலைநகரை மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றச் செய்கிறான். புதுக்கோட்டை எழுகிறது. சீவகன் மகள் மனோன்மணியும் சேரன் புருடோத்தமனும் நேரில் காணாமலே கனவில் கண்டு காதல் கொள்கின்றனர். சேரனிடம் மணம் பேச நடராசனைத் தூது விடுமாறு சொல்கிறார் குரு சுந்தர முனிவர். குடிலனோ தன் மகன் பலதேவனை அனுப்புகிறான், நாஞ்சில் நாட்டு உரிமைச் சிக்கலை நடுவில் நுழைக்கிறான், மணத்தூது போர்த்தூதாகிறது! போர் மூள்கிறது, பாண்டியன் தோற்கிறான். களத்தில் அரசன் உயிரைக் காத்த நாராயணன்மீதே துரோகப் பழி விழுகிறது. இறுதியில் மனோன்மணியைப் பலதேவனுக்கு மணமுடிக்கவும் அரசன் இசைகிறான். அதே இரவில் குடிலன், முனிவர் அமைத்த சுரங்க வழியை அறிந்துகொண்டு, கோட்டையைக் காட்டிக்கொடுக்கச் சேரனின் பாசறைக்குப் போகிறான்.

ஏன் செய்தான்? தேநீர்க்கடை வாதம் இங்கும் உண்டு.

அரியணை ஆசை என்பர் ஒரு சாரார். உண்மை, தனிமொழிகளில் அவனே அதை மறைக்காமல் பேசுகிறான். மகன்மேல் கொண்ட பாசம் என்பர் வேறு சிலர். அதிலும் சிறிது உண்மை உண்டு. தத்துவம் பேசுவோர் இன்னும் மேலே பறப்பர்: சீவகன் என்றால் சீவன், குடிலன் என்றால் மாயை, முனிவர் என்றால் ஞானகுரு என்று உருவகம் காட்டுவர். பெயர்களில் அப்படி ஒரு குறிப்பு இருக்கலாம். குடிலம் என்றால் வளைவுதானே! ஆயினும் பகுத்தறிவாளர் இந்த இடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். வஞ்சகனை மாயை ஆக்கிவிட்டால் அவனைக் கூண்டில் நிறுத்த முடியாது. ஏமாந்த அரசனையும் கேள்வி கேட்க முடியாது. மனிதன் செய்த குற்றத்தை விண்ணில் ஏற்றிவிட்டு மண்ணில் இருப்பவர் கைகழுவிக்கொள்ளும் பழைய தந்திரம் அது!

நம் தோழர்களிலேயே சிலர் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. "பிறந்தான் என்பதற்காக ஒருவன் ஆளலாமாம், அறிவுள்ள குடிலன் ஆள ஆசைப்பட்டால் மட்டும் குற்றமோ? பிறப்புரிமையை எதிர்த்தவன் அல்லவா அவன்?" என்பர். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் குடிலன் எதை எதிர்த்தான்? அரியணையை உடைக்க எண்ணினானா? இல்லை, அதில் அமர எண்ணினான். பிறப்புரிமையை ஒழிக்க நினைத்தானா? இல்லை, தன் மகனுக்கு அரசன் மகளைக் கட்டிவைத்து அந்த உரிமையைத் தன் குடும்பத்துக்கு மாற்றிக்கொள்ள நினைத்தான். பலதேவனிடம் என்ன தகுதி கண்டான்? தன் மகன் என்ற ஒன்றைத் தவிர வேறில்லை! ஏணியை எடுத்தெறிபவன் புரட்சிக்காரன். ஏணியின் உச்சிக்கு அடுத்தவனைத் தள்ளிவிட்டு ஏறுபவனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

1604இல் இலண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில் இயாகோ என்றொருவன் வருகிறான். அவன் தன் தீமைக்குக் காரணங்களைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொள்கிறான் என்பது கோல்ரிட்ஜ் போன்ற திறனாய்வாளரின் கருத்து. குடிலன் அத்தகையவன் அல்லன். அவனுக்கு வேண்டியது என்ன என்பதில் மர்மமே இல்லை. மர்மம் எல்லாம் அவனைச் சுற்றி இருப்பவர்களிடம் இருக்கிறது.

குடிலனின் கருவிகளைப் பாருங்கள். சீவகனுக்குப் புகழ் வேண்டும், புகழைக் கொடுத்தான். கோட்டையைப் புகழ்ந்தான், கொற்றத்தைப் புகழ்ந்தான், வெல்ல முடியாதவன் நீ என்றான், மன்னன் மயங்கினான். வாணியின் தந்தை சகடனுக்குப் பொருள் வேண்டும். அந்த ஆசையால் மகளைப் பலதேவனுக்குத் தரத் துடித்தான் அக்கிழவன். மனோன்மணிக்கோ தந்தை சொல்லைத் தட்டக் கூடாது என்ற கடமை. அந்தக் கடமையே அவள் கழுத்தில் கயிறாகிறது. உள்ளத்தில் ஒருவன் இருக்க, தந்தையின் துயர் தீர வேறொருவனுக்கு மாலையிட இசைகிறாள். அவள் தியாகத்தைப் போற்றிக் கண்ணீர் வடிப்பவர் உண்டு. எனக்குக் கண்ணீர் வரவில்லை, சினமே வந்தது. ஒரு பெண்ணின் அடக்கம் குடிலன் கையில் கோட்டைத் திறவுகோல் ஆவதைக் கண்டபின் அதை எப்படிப் போற்றுவது?

இருவரிடம் மட்டும் அவன் கருவிகள் முனை மழுங்கின. ஒருவன் நாராயணன். அவனுக்கு அமைச்சனிடமிருந்து எதுவும் வேண்டியதில்லை. அதனால் நேராகவும் நையாண்டியாகவும் உண்மையைச் சொல்கிறான். சொன்னதற்காகப் பழி சுமக்கிறான். மற்றொருவர் வாணி. தந்தை வற்புறுத்துகிறான், அரசனும் துணை நிற்கிறான். அவளோ, நடராசனை அன்றி வேறொருவரை மணவேன் என மறுத்து நிற்கிறாள். முனிவரின் தவத்தைவிட, சேரனின் வாளைவிட, நாடகத்தில் குடிலனுக்கு நேர் எதிரியாக நிற்பது அந்தப் பெண்ணின் 'மாட்டேன்' என்ற சொல்லே. காதல் நாயகி மனோன்மணி என்றால், அறிவு நாயகி வாணி!

இங்கேதான் சுந்தரனாரோடு எனக்கு வழக்கு. குடிலன் வீழ்வது எப்படி? காட்டிக்கொடுக்க வந்தவனைச் சேரன் வெறுத்து விலங்கிடுகிறான், அவனையே வழிகாட்டியாக்கிச் சுரங்கத்தில் நடந்து மணப்பந்தலுக்கு வந்து சேர்கிறான், மனோன்மணி மாலையிடுகிறாள், உண்மை வெளியாகிறது. அழகான முடிவுதான். எல்லா மனிதருக்கும் ஒரு விலை உண்டு என்று கணக்கிட்ட குடிலன், விலையற்ற ஒருவனிடம் போய் அகப்படுவது நுட்பமான நீதி. ஆயினும் சீவகன் எதையும் தானாகக் கண்டுபிடிக்கவில்லையே! கனவும் குருவும் பகையரசன் பெருந்தன்மையும் கூடி அவனைக் காப்பாற்றின. அவன் அறிவு கடைசிவரை உறங்கியது. போரில் மாண்ட பாண்டிய வீரர் எதற்காக மாண்டனர் என்று கேட்பதற்கு நாடகத்தில் ஒரு குடிமகனும் முன்வரவில்லை. அடுத்த குடிலன் வந்தால் என் செய்வான் சீவகன்? மறுபடியும் நம்புவான்!

அடுத்த குடிலன் வந்துவிட்டான் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2023 ஆகஸ்டில், இதே நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவனைப் பள்ளித்தோழர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறும் மோதிரமும் பள்ளிக்குள் கூடாது என்றது. அந்நாளில் ஊரெல்லாம் கேட்ட கேள்வி என்ன? "அந்தப் பிள்ளைகள் ஏன் அப்படிச் செய்தார்கள்?" மறுபடியும் அதே கேள்வி!

நான் பள்ளி ஆசிரியன். கையில் வண்ணக் கயிற்றோடு வகுப்பில் அமர்ந்திருந்த ஒரு சிறுவனை அழைத்து, யார் கட்டியது என்று கேட்டேன். "அண்ணாச்சிமாரு கட்டிவிட்டாங்க சார்" என்றான். எதற்கு என்றேன். "நாம ஆண்ட பரம்பரைன்னு தெரியணும்லா சார்!"

ஆண்ட பரம்பரை! சீவகன் காதில் குடிலன் ஊதிய அதே புகழ் மந்திரம். அன்று அது அரண்மனையில் ஒரு மன்னனை மயக்கியது. இன்று பொருநைக் கரை ஊர்களில் மூன்றாம் மணி வகுப்பில் கணக்குத் தெரியாமல் விழிக்கும் பதினான்கு வயதுப் பையனை மயக்குகிறது. கயிறு கட்டியவரின் நோக்கத்தில் மர்மம் ஏதும் இல்லை. அவருக்கு ஆள்பலம் வேண்டும், தேர்தலுக்குத் தலைக்கணக்கு வேண்டும். நாம் ஆராய வேண்டியது அந்தப் பையனின் காதை. வீட்டில் மதிப்பெண்ணால் அளக்கப்பட்டு, வகுப்பில் பிரம்புச் சொல் கேட்டு, எங்கும் ஒரு நல்ல வார்த்தை கிடைக்காத காது, முதலில் வந்த புகழ்மொழிக்குத் திறந்துகொள்கிறது. அவனிடம் பேச வேண்டிய இடத்தில் நாம் பேசாமல் இருந்தோம். குடிலன் வந்து பேசினான். ஆசிரியனாகிய என் குற்றமும் அதில் உண்டு.

ஆகவே தோழர்களே, மர்மத் தொடர்களைப் பாருங்கள், வாதிடுங்கள், குற்றமில்லை. ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இவனை இவர்கள் ஏன் நம்பினார்கள்? உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மனோன்மணீயத்தை எடுத்து, வாழ்த்துப் பாடலைத் தாண்டிப் படியுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டுங்கள். வாணி மறுத்து நிற்கும் இடம் வரும்போது அந்தப் பகுதியை ஒரு மாணவனையோ மாணவியையோ உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 'மாட்டேன்' என்று சொல்லப் பழகிய பிள்ளையின் கையில் கயிறு கட்டுவது அத்தனை எளிதன்று.