வாகையும் கையறுநிலையும்: ‘தளபதி ஹோசியரின் ஆவி’

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கடற்போர் வெற்றிகளைப் பாடும் ஒற்றைத்தாள் அச்சுப் பாடல்கள் தெருக்களில் விற்கப்பட்டன. தாளின் ஒருபுறம் மட்டும் அச்சிடப்பெறும். மேலே மரச்செதுக்குப் படமும், பாடுதற்குரிய பழைய மெட்டின் பெயரும் அமைவதுண்டு. இவற்றை மக்கள் உள்ளத்தின் நேரான குரல் எனக் கொள்ளலாமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா. அதற்கு ஒரு பாடலைச் சான்றாகக் கொள்வோம்.

1739 நவம்பரில் வெர்னன் என்னும் கடற்படைத் தளபதி, ஆறு கப்பல்களைக் கொண்டு, பனாமாக் கரையில் ஸ்பானியர்க்குரியதாய் இருந்த போர்ட்டோபெல்லோத் துறைமுகத்தைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு ரிச்சர்டு கிளோவர் ‘தளபதி ஹோசியரின் ஆவி’ என்னும் பாடலை இயற்றினார். வெற்றி பெற்ற வீரர் குடித்துக் களிக்கும் இரவில், கப்பலின் தொங்குபடுக்கைகளையே பிணப்போர்வையாகப் போர்த்த ஆவிகள் கடலினின்றும் எழுகின்றன. ஹோசியர் 1726-இல் அதே துறைமுகத்தை முற்றுகையிட அனுப்பப்பட்டவர். தாக்கலாகாது என்ற ஆணையால் அவர் படை வாளா நின்றது. ஏறத்தாழ நாலாயிரவர் நோயால் மடிந்தனர். 1727-இல் அவரும் இறந்தார். தமக்கு மறுக்கப்பட்ட வாகையை அவர் வெர்னனிடம் எடுத்துரைத்து இரங்குகிறார்.

கிளோவர் தெருப்பாடகர் அல்லர். 1737-இல் ‘லியோனிதாஸ்’ என்னும் காப்பியம் வெளியிட்ட புலவர். முதலமைச்சர் வால்போலை எதிர்த்த அணியைச் சார்ந்தவர். காய்ச்சலால் மாண்ட தளபதியை நெஞ்சுடைந்து மாண்டவராகப் பாடல் காட்டுகிறது. பழி நோயின்மேற் செல்லாது ஆணையிட்டோர்மேற் செல்லவே இம்மாற்றம் செய்யப்பட்டது என்பது எம் கருத்து. ஆகலின், பாமர வடிவம் ஈண்டுப் புலவர் கைக்கொண்ட கருவியேயாம்.

எனினும் இவ்வளவில் ஆராய்ச்சி முடிந்துவிடாது. 1741-இல் வெர்னன் பெரும்படையுடன் கார்த்தகேனாவைத் தாக்கித் தோல்வியுற்றார். அங்கும் போரில் வீழ்ந்தோரினும் நோயில் மடிந்தோரே மிகப் பலர். வெர்னனின் வாகையைப் பாடிய தாள்கள் அத்தோல்வியால் பொருளிழந்தன. நோய்க்கு இரையானோரைப் பாடிய இப்பாடலோ முன்னினும் பொருள் மிகுந்தது. 1765-இல் தாமஸ் பெர்சி தம் தொகுப்பில் இதற்கு இடமளித்தார்.

எனவே, இத்தகைய பாடல்களை ஆராய்வோர், இயற்றினோர் யாவர், அவர்தம் நோக்கம் யாது என முதற்கண் வினவுதல் வேண்டும். அதனோடு அமையாது, பாடல் யார்பொருட்டு இரங்குகிறது என்பதனையும் நோக்குதல் வேண்டும். வெற்றிச் செய்தியில் இடம்பெறாத நாலாயிரவர்க்கு இப்பாடல் இடமளித்தது; அதுவே இதன் இலக்கியத் தகுதி என்பது எம் துணிபு.